சின்ன வண்டிக்கு விலை குறைந்த சாடில் பேக்: எங்கே உரசியது, எங்கே கிழிந்தது, சொல்லுங்க

பதிவு 1

வலது பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓரம் முழுக்கக் கருகிச் சுருண்டு கண்ணாடிபோல் இறுகியிருந்தது. உள்ளே மடித்து வைத்த மழைக்கோட்டில் பாதி, சைலன்சர்மேல் கறுப்புப் பூச்சாக ஒட்டிக்கிடந்தது. இடது பையில் ஒரு கீறல்கூட இல்லை. 125 சிசி வண்டி; சீட்டின் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கவிடும் வகை, சேர்த்து 40 லிட்டர்.

கிளம்பும்போது பைக்கும் சைலன்சருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. மனசை இன்னும் அரிப்பது அதுதான். வழியில் பட்டை நழுவியிருக்கிறது. மலிவுப் பைகளின் பிளாஸ்டிக் பக்கிளில் பட்டையைப் பிடித்திருப்பது ஒரு சின்னப் பல்வரிசை மட்டுமே. எஞ்சின் அதிர அதிரக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வரும். நைலான் பட்டையாக இருந்தால் மழையில் நனைந்ததும் நீளவும் செய்யும்.

இறுக்கி முடித்ததும், பக்கிளிலிருந்து பட்டை வெளியே வரும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்திப் பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் அந்தப் பக்கிளை நம்ப வேண்டாம். மீந்த பட்டையை இன்னொரு முறை கோத்து, பக்கிளுக்கு ஒட்டினாற்போல் முடிச்சுப் போடுங்கள். பட்டை எதனால் ஆனது என்பதையும் கேட்டு வாங்குங்கள். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் 200 டிகிரிக்கு மேல் தேவை. ஆனாலும் உருகுவதற்கு வெகு முன்பே இளகி வலுவிழக்கும், அதனால் எந்தத் துணியும் சைலன்சரைத் தொடலாம் என்று ஆகாது.

பதிவு 2

பையை விடுங்க, பட்டையோட வால் இருக்கே, அதைப் பாருங்க. இறுக்கின பிறகு ஒரு முழம் மிச்சம் தொங்கும். அது காத்துல ஆடி செயினுக்குள்ள போய், பின் ஸ்ப்ராக்கெட்டோட (செயின் ஓடுற பல்சக்கரம்) ரெண்டு பல்லுக்கு நடுவுல பக்கிளோட சேர்ந்து சிக்கி நின்ன கோலம் கண்ணுலயே நிக்குது. சக்கரம் அசையல. தெருவுல மெதுவா போனதால தப்பிச்சாச்சு, வேகத்துல போயிருந்தா பின்சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சறுக்கியிருக்கும்.

மிச்சப் பட்டையைச் சுருட்டி பழைய சைக்கிள் டியூப்ல வெட்டின வளையத்தைப் போட்டுப் பிடிச்சு வைங்க. டேப் ஒட்டினா வெயில்லயும் மழையிலயும் கழண்டுடும். இல்லைன்னா 10 சென்டிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, முனையை நெருப்புல காட்டி உருக்கிடுங்க, நூல் பிரியாது.

முதல் பதிவுல சொன்னது பட்டை நழுவினதால இருக்காது. பின்னால ஆள் ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கியிருக்கும், பை இறங்கி சைலன்சர்ல உக்காந்திருக்கும்.

பதிவு 3

இரண்டாவது பதிவின் கடைசி வரி தவறு, அதை அப்படியே விட்டால் வாங்குகிறவர்கள் தப்பான இடத்தைப் பார்ப்பார்கள். சைலன்சர் ஃபிரேமில் மாட்டியிருக்கிறது. பை தொங்குவது சீட்டிலிருந்து, சீட்டும் ஃபிரேமில்தான். ஷாக் அமுங்கும்போது மூன்றும் சேர்ந்தே இறங்கும், அவற்றுக்கு இடையே தூரம் மாறாது. அந்தத் தூரம் குறைவதற்குக் காரணங்கள் பட்டை நழுவுவது, பையின் அடி தொய்வது, வளைவிலும் குழியிலும் பை உள்பக்கமாக ஊஞ்சலாடுவது. முதல் பதிவு சொன்னதே சரி.

ஷாக் அமுங்கும்போது பையை நெருங்கி வருவது சக்கரம், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் அசையும் கை), செயின் கவர், ஷாக்கின் கீழ்ப்பாதி. சின்ன வண்டிகளில் பின்சக்கரம் ஏறத்தாழ 8 முதல் 12 சென்டிமீட்டர்வரை மேலே வரும். வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஒரு பையின் உள்பக்கம் அரைவட்டமாகத் தேய்ந்து, துணி போய், வெறும் நூல்வலை மட்டும் நின்றது. அந்த வளைவு டயரின் பக்கச்சுவரோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

சோதிக்கும் முறை: பைகளில் பயணத்துக்கான முழு எடையையும் போட்டுக் கட்டுங்கள். டயரின் பக்கச்சுவர், செயின் கவர், ஷாக் அடிப்பகுதி மூன்றிலும் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள். இரண்டு பேர் ஏறி, வேகத்தடைமேல் மெதுவாக நாலைந்து முறை போய் வாருங்கள். பையின் உள்பக்கத்தில் வெள்ளை ஒட்டியிருந்தால் அந்தப் பை அந்த வண்டிக்கு இப்படியே ஆகாது. சாடில் ஸ்டே எனப்படும் பக்கக் கம்பிச் சட்டம் போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். இரும்புக் குழாயை வளைத்து, கிராப் ரெயில் (பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கம்பி) போல்ட்டிலும் பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டிலும் மாட்டினால் போதும், அது விலை கூடிய பொருள் அல்ல. ஸ்விங்ஆர்மில் மட்டும் மாட்டக் கூடாது. அது அசையும் உறுப்பு, ஒரு முனை அங்கேயும் மறுமுனை ஃபிரேமிலும் இருந்தால் வெல்டு விட்டுவிடும்.

ஸ்டே இல்லாமல் சீட்டில் மட்டும் தொங்கும் பையை எப்படிக் கட்டினாலும் அதன் அடி உள்ளே வரும் என்பது என் கருத்து. பையின் செலவில் குறைத்துக்கொண்டு ஸ்டேவுக்குச் செலவிடுங்கள்.

பதிவு 4

ரெயின் கவர் பத்தி யாரும் பேசலையே. கவரைக் கழட்டினப்போ அடியில ஒரு செம்புத் தண்ணி தேங்கி நின்னது, பை அதுக்குள்ள ஊறிக்கிட்டிருந்தது. மேல ஒரு சொட்டு இறங்கல. சக்கரம் அடிக்கிற தண்ணி பின்பக்கமா கவருக்குள்ள ஏறி, வெளியேற வழி இல்லாம அங்கேயே நின்னிருக்கு.

அதனால கவரோட அடிமட்டத்துல ஒரு துளை போட்டு உலோக வளையம் அடிச்சிடுங்க, 5 மில்லிமீட்டர் போதும். அப்புறம் "வாட்டர்ப்ரூஃப்"னு அச்சடிச்சிருந்தா நம்பிடாதீங்க. 600 டி பாலியெஸ்டரோ 1680 டி பாலியெஸ்டரோ, டி எண் நூலோட தடிமனைத்தான் சொல்லும், தண்ணி விடுமா விடாதான்னு சொல்லாது. தண்ணியைத் தடுக்கிறது உள்பக்கப் பூச்சு. பையைத் திருப்பி உள்ளே தடவிப் பாருங்க: வழவழன்னு இருந்தா பூச்சு இருக்கு, பிசுபிசுன்னு ஒட்டினா பூச்சு கெட்டுப்போச்சு, ரொம்ப நாள் கிடங்குல கிடந்த சரக்கு. பூச்சு நல்லா இருந்தாலும் தையல் துளை ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டைதான். தையல் மேல உள்பக்கமா டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா தையல் பசை கடையில கிடைக்கும், மெல்லிசா ரெண்டு தடவை பூசி, நடுவுல நல்லா காய விடணும்.

சோதனை ரொம்ப சுலபம். உள்ளே செய்தித்தாளைக் கசக்கிப் போட்டு மூடி, பத்து நிமிஷம் குழாய்த்தண்ணி அடிங்க, அதுவும் கீழ இருந்து மேல நோக்கி. தாள் எந்த இடத்துல நனைஞ்சிருக்கோ அங்கதான் ஓட்டை. பெரும்பாலும் ஜிப்போட ரெண்டு முனைதான்.

இதெல்லாம் முடியாதுன்னா கெட்டியான பிளாஸ்டிக் உறையை உள்ளே போட்டு, காத்தை அமுக்கி வெளியேத்தி, வாயை மூணு சுத்து சுருட்டிக் கட்டுங்க. துணி ஒரு உறை, கருவி ஒரு உறை. ஈரமான மழைக்கோட்டு மட்டும் எந்த உறைக்குள்ளயும் போகக்கூடாது, அதை மேல வலையில கட்டுங்க. இன்னொண்ணு, ரெயின் கவர் துணி ரொம்ப மெல்லிசு. சைலன்சர் பக்கம் காத்துல படபடன்னு அடிச்சா மொதல்ல உருகுறது அதுதான். அடியில ஒரு கயிறு கொடுத்து இழுத்துக் கட்டுங்க.

பதிவு 5

தண்ணீர் வந்தால் துணியைக் காய வைத்துக்கொள்ளலாம். பட்டையின் தையல் விட்டால் பை ரோட்டில். முதலில் பார்க்க வேண்டியது அதுதான், நான்காவது பதிவு வரிசையை மாற்றிவிட்டது.

விலை குறைந்த பைகளில் பட்டையைப் பையின் மேல்விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் தைத்து விட்டுவிடுவார்கள். மொத்த எடையும் அந்த இரண்டு அங்குல நூலில். கிழிந்த பைகளைப் பாருங்கள்: நூல் அறுந்திருக்காது, நூல் நின்ற இடத்தில் துணி தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகக் கிழிந்திருக்கும். நல்ல பையில் பட்டை ஒரு பக்கம் இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறும். பை அந்தப் பட்டையின் மடியில் உட்கார்ந்திருக்கும். சுமக்கும் இடங்களில் சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையல் இருக்கும். இந்த இரண்டும் இருந்தால் துணி சுமாராக இருந்தாலும் வாங்கலாம். இல்லாவிட்டால், தோல்பை தைக்கிறவரிடம் கொடுத்து 38 மில்லிமீட்டர் பட்டையை அடிவரை சுற்றிப் பாலியெஸ்டர் நூலில் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூல் வேண்டாம், மழையில் மக்கும்.

ஸ்டே இல்லாமல் ஆகவே ஆகாது என்ற மூன்றாவது பதிவை ஏற்க முடியாது. 15 லிட்டர் பை, பக்கத்துக்கு 3 கிலோ, உள்ளே ஒரு விறைப்புப் பலகை, கீழ்முனையிலிருந்து பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டுக்கு முன்னோக்கி இழுத்த ஒரு பட்டை. இவ்வளவு இருந்தால் பல வண்டிகளில் அசையாது. பலகைக்கு, விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்படுத்தும் 5 மில்லிமீட்டர் நெளி பிளாஸ்டிக் தகடு போதும். சைலன்சர் பக்கம் மட்டும் அந்தப் பிளாஸ்டிக்கும் பாலிப்ரொப்பிலீன்தான் என்பதை மறக்காதீர்கள். அங்கே பைக்கு வெளியே, சைலன்சர் கவசத்தின்மேல் 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, நடுவே காற்று போக ஒரு விரல் இடைவெளி விட்டு.

பதிவு 6

எடை. வண்டிப் புத்தகத்தில் ஏற்றக்கூடிய மொத்தச் சுமை போட்டிருக்கும். அது 130 கிலோ என்று வையுங்கள். ஓட்டுபவர் 70, பின்னால் உட்காருபவர் 50. மிச்சம் 10 கிலோ. பையும் ஸ்டேவும் சேர்ந்தே நான்கைந்து கிலோ வந்துவிடும். ஆக இருவர் போகும்போது 50 லிட்டர் பை வாங்குவதில் பொருளில்லை, இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடி இடமும் வலமுமாக மெல்ல ஆடத் தொடங்கி, பின்பாகம் வாலை ஆட்டுவதுபோல் ஆடும் அந்த நொடிதான் இதை எழுத வைக்கிறது. அப்போது பிரேக்கை அழுத்தவும் கூடாது, கைப்பிடியை இறுக்கவும் கூடாது. ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, உடம்பை முன்னால் சாய்த்தால் அடங்கும். காரணம், பைகள் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போய் முன்சக்கரம் லேசானது. பையின் நடு, அச்சுக்கு முன்னால் வர வேண்டும். கனமானது அடியில், முன்மூலையில். இரு பக்கமும் தொங்கு தராசில் நிறுத்து, அரை கிலோவுக்குமேல் வித்தியாசம் இல்லாமல் பிரித்து வையுங்கள். பின் டயர் காற்று, பாரத்துக்கான எண்ணுக்கு. அது ஸ்விங்ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும். ஷாக்கை ஒரு படி இறுக்குங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்குங்கள்.

பதிவு 7

சீட்டுக்கு அடியில பட்டை ஓட்டுறவங்களுக்கு: பல வண்டிகள்ல ஏர் ஃபில்டர் காத்து இழுக்கிற வாய் அங்கதான் இருக்கு. பட்டை அதை மூடினா வண்டி இழுக்காது, பெட்ரோல் அதிகமா குடிக்கும். பேட்டரி முனை, ஃபியூஸ் பெட்டி, வயர் கட்டு மேல பட்டையோ பக்கிளோ நசுங்கக் கூடாது. சீட்டு "க்ளக்"னு பூட்டிச்சான்னு ஆட்டிப் பாருங்க. அப்புறம் 3 மீட்டர் பின்னால நின்னு ரெண்டு இண்டிகேட்டரும் தெரியுதா பாருங்க. பையோட அகலம் கைப்பிடி நுனியைத் தாண்டக்கூடாது. தாண்டினா சந்துல கைப்பிடி போயிடும், பை இடிக்கும்.

பதிவு 8 (முதல் பதிவர்)

ஐந்தாவது பதிவில் சொன்ன அலுமினியத் தகடு அந்த வண்டிக்குப் போட்டாயிற்று. ஓட்டையை அடைக்க: இறுகிய ஓரத்தை முழுக்க வெட்டி எடுத்துவிடுங்கள், அதில் ஊசி இறங்காது, இறங்கினாலும் உடையும். சுற்றிலும் 4 சென்டிமீட்டர் பெரிய ஒட்டுத்துணி, மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு வரித் தையல், உள்பக்கம் தையல் பசை. சைலன்சரில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்கு எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இளகியதும் கையுறை போட்டு மரக்குச்சியால் வழித்தெடுங்கள். கம்பி பிரஷ் போட்டால் குரோம் போய்விடும்.