புதியவர்களுக்கு ஆற்றங்கரை, வாய்க்கால்கரைத் தடங்களை எப்படித் தரம் பிரிப்பது? (தஞ்சை – திருவாரூர் – நாகை)

பெடல் திருவையாறு

வணக்கம். எம்டிபி (மலை மிதிவண்டி) ஓட்டப் புதுசா வர்றவங்களுக்காக நம்ம பகுதித் தடங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பச்சை (சுலபம்), நீலம் (நடுத்தரம்), கருப்பு (கடினம்) என்று தரம் கொடுக்கலாம்னு இருக்கோம். வெளிநாட்டு அளவுகோல்களைப் பார்த்தால் எல்லாம் மலைச்சரிவை மனசில் வைத்து எழுதியது மாதிரி இருக்கு. நமக்கு கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் சமதளம். அந்தக் கணக்கில் எல்லாமே பச்சைதான் வருது. ஆனால் டிராக்டர் தடம் பள்ளம் பள்ளமா விழுந்த ஆற்றங்கரையும், அகலமான கப்பிப் பாதையும் எப்படி ஒன்றாகும்?

வர்றவங்க பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற சாதாரண ஹார்ட்டெயில், 2.1 அங்குல டயர், உள்ளே டியூப். எதை அளக்கணும், தடத்தில் ஒரே ஒரு மோசமான இடம் வந்தால் முழுத் தடத்தையும் அந்த நிறத்துக்கு ஏத்தணுமா, மழை பெய்தால் என்ன செய்யறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெண்ணாறு வடகரை

சரிவு அந்த அளவுகோலில் ஒரு பகுதிதான் சார். பரவலாகப் பயன்படும் இம்பா முறை (சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கத்தின் முறை) ஐந்தைப் பார்க்கிறது: பாதையின் அகலம், தரையின் தன்மை, சராசரிச் சரிவு, அதிகபட்சச் சரிவு, தவிர்க்க முடியாத தடைகள். நமக்கு முதல் இரண்டும் கடைசி இரண்டும்தான் வேலை செய்யும். சராசரிச் சரிவை மறந்துவிடலாம்.

எண்கள் இவை. வெள்ளை வட்டம்: 6 அடிக்கு மேல் அகலம், கெட்டித்த தரை, தடையே கிடையாது. பச்சை வட்டம்: 3 அடிக்கு மேல் அகலம், உறுதியான தரை, அதிகபட்சச் சரிவு 15 சதவீதம், தவிர்க்க முடியாத தடை 2 அங்குல உயரத்துக்குள், பாலம் 3 அடிக்குக் குறையக்கூடாது. நீலச் சதுரம்: 2 அடிக்கு மேல் அகலம், ஆங்காங்கே மாறும் தரை, தடை 8 அங்குலம் வரை, பாலம் 2 அடிக்குக் குறையக்கூடாது. கருப்பு வைரம்: 1 அடி அகலம், தடை 15 அங்குலம் வரை, தரை எப்படி வேண்டுமானாலும் மாறும். அதற்கும் மேல் இரட்டைக் கருப்பு வைரம். புதியவர் பட்டியலில் அதற்கு இடமில்லை. நிறத்தோடு வடிவத்தையும் கட்டாயம் போடுங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் நிறைய பேர்.

இனி அதிகபட்சச் சரிவு. ‘சமதளம்’ என்பது தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான். ஆற்றங்கரையிலிருந்து வயலுக்கோ சாலைக்கோ இறங்கும் ஒவ்வொரு சாய்தளமும் சின்ன மலை. கரை 3 மீட்டர் உயரம், இறங்கும் பாதை 12 மீட்டர் நீளம் என்றால் 25 சதவீதம். 7 கிலோமீட்டர் தடத்தின் சராசரியில் அது காணாமல் போகும். புதியவர் விழுவது அங்கேதான். ஜி.பி.எஸ். உயரத்தை நம்ப வேண்டாம், சில மீட்டர் பிழை அதிலேயே இருக்கும். கொத்தனாரின் ரசமட்டத்தையும் 1 மீட்டர் நேரான பலகையையும் எடுத்துப் போங்கள். சரிவில் பலகையை வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவில் வரும்வரை தூக்குங்கள். தரைக்கும் பலகைக்கும் இடைவெளி 15 செ.மீ. என்றால் 15 சதவீதம். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் எடுத்து அதிகமானதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அகலத்தைத் தரையில் மட்டும் அளந்தால் போதாது. ஹேண்டில்பார் 70 செ.மீ.க்கு மேல் இருக்கும். கீழே 3 அடிப் பாதை இருந்தாலும் இரு பக்கமும் சீமைக்கருவேல் சாய்ந்திருந்தால் கைப்பிடி உயரத்தில் 2 அடிதான் மிச்சம். கிளை கைப்பிடியைப் பிடித்தால் முன்சக்கரம் திரும்பிவிடும். தரையில் ஒன்று, தரைக்கு 1 மீட்டர் உயரத்தில் ஒன்று என இரண்டு அகலமும் எடுங்கள். குறைந்ததே கணக்கு.

செம்மண் சக்கரம்

மேலே சொன்னதெல்லாம் சரி. என்னோட ஒரு முக்கியமான சேர்க்கை: விழுந்தால் எங்கே விழுவான்? இம்பா அட்டவணையில் இதுக்குத் தனிக் கட்டம் இல்லை. ஓரத்துப் பள்ளம், திருப்பத்தின் குறுக்கம் மாதிரி விஷயங்களையும் யோசிச்சுத் தரம் போடுங்கன்னு பொதுவா சொல்றாங்க. டெல்டாவில் இதுதான் முதல் கேள்வியாகணும்.

ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஓராள் உயரத்துக்கு வயல் பள்ளம். 3 அடி அகலம்னா புத்தகப்படி பச்சை. புதுசா ஓட்டறவன் பள்ளத்தைப் பார்த்துக்கிட்டே ஓட்டுவான், பார்க்கிற பக்கமே வண்டி போகும். அதனால் ஓரத்தில் 1 மீட்டருக்கு மேல் இறக்கமோ முழங்காலுக்கு மேல் தண்ணியோ இருந்தா, அந்தந்தப் பக்கத்துக்கு அரை மீட்டர் கூடுதல் அகலம் கேளுங்க. இல்லைன்னா ஒரு நிறம் ஏத்துங்க. பக்கவாட்டில் கான்கிரீட் போட்ட கால்வாய்ன்னா இன்னும் கண்டிப்பு வேணும். தண்ணி ஓடும்போது அந்தச் சாய்வில் பாசி வழுக்கும், கையால் பிடிச்சு ஏற ஒன்றும் இருக்காது. அங்கே பாதை 2 மீட்டருக்குக் குறைவா இருந்தா நிறமே கொடுக்காதீங்க, பட்டியலிலிருந்தே எடுத்துடுங்க.

அடுத்து டிராக்டர் தடம். ஹார்ட்டெயிலில் பெடல் கீழே வரும்போது தரைக்கு மேல் சுமார் 11–12 செ.மீ.தான் இருக்கும். சக்கரம் தடத்துக்குள் இறங்கி, ஓரம் அந்த உயரத்தைத் தாண்டினா பெடல் இடிச்சு வண்டி எகிறும். தடத்தின் ஆழம் 5 செ.மீ. வரை பச்சை, 10 வரை நீலம், அதுக்கு மேல் கருப்புன்னு வைங்க. காய்ஞ்சு இறுகின தடம்தான் ஆபத்து, ஈரத் தடத்தின் ஓரம் உடைஞ்சு வழிவிடும். சக்கரம் உள்ளே மாட்டிக்கிட்டா ஹேண்டிலை லேசா வெட்டி வெளியே எடுக்கப் பார்க்கக்கூடாது, முன்சக்கரம் ஓரத்தில் உரசி ஆள் கவிழ்வான். உள்ளேயே மெதுவா ஓட்டி, ஓரம் தாழ்ந்த இடத்தில் நல்ல கோணத்தில் ஏறணும்.

வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டைத் தனியாப் பிரிச்சுடுங்க. அங்கே சரிவு 8 சதவீதம்தான் இருக்கும். ஆனா கெட்டித் தரை மேல் உதிரிச் சரளை கிடக்கு. திருப்பத்துக்குள் முன் பிரேக் பிடிச்சா சக்கரம் வழுக்கிப் போயிடும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்னாடியே குறைச்சு, உள்ளே பிரேக்கை விட்டு ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த இடம். பெரும்பகுதி நீலம். மழை அரிச்ச ஓடை குறுக்கே வந்தா அந்தத் துண்டு மட்டும் கருப்பு.

நாகை உப்புக்காற்று

பருவத்தைச் சொல்லாமல் நிறம் கொடுத்தால் ஏமாற்றமாகிவிடும் அண்ணே. ஒவ்வொரு தடத்துக்கும் காய்ந்த காலத்துக்கு ஒன்று, தண்ணீர் வந்த பிறகு ஒன்று என இரண்டு நிறம் போடுங்கள், பார்த்த தேதியையும் கீழே எழுதுங்கள்.

சித்திரை, வைகாசியில் கரை காய்ந்து கெட்டியாக இருக்கும். பச்சைக்கு அதுதான் காலம். ஆனால் அப்போதுதான் வாய்க்கால் தூர்வாருவார்கள். அள்ளிய மண்ணைக் கரைமேல் கொட்டி விட்டால், அது மட்டப்படும் வரை முழங்கால் உயரக் கட்டிகள்தான். நேற்றைய பச்சை இன்றைக்குக் கருப்பு. ஜூன் 12 மேட்டூர் திறப்பதை ஒட்டி எல்லாத் தடத்தையும் ஒருமுறை திரும்பப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் வந்ததும் ஓரத்து ஆபத்துக் கணக்கே மாறிவிடும். கோடையில் குறுக்கே நடந்து கடந்த கிளை வாய்க்காலுக்குப் பாலம் தேட வேண்டியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண் கரைக்கு நிறமே வேண்டாம், மூடிவிடுங்கள். சோதனை சுலபம். பாதையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்கு உடையாமல் திரி வந்தால் அந்த மண் டயரில் ஒட்டும். நூறு மீட்டருக்குள் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது அழுத்தி மிதித்தால் செயினோடு வரும் சேறு பின் டெரெய்லரை (கியர் மாற்றும் கருவியை) ஸ்போக்குக்குள் இழுத்துவிடும், அதை வண்டிச் சட்டத்தில் தாங்கும் ஹேங்கர் வளையும் அல்லது உடையும். இறங்கி ஒரு குச்சியால் சேற்றைத் தள்ளிவிட்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதே வழி. மழை விட்டு இரண்டு, மூன்று நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, குதிகாலால் அழுத்தினால் 1 செ.மீ.க்குமேல் பதியாமல் இருந்தால் திறக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஈரக் கரையில் சக்கரம் போட்ட கோட்டில் தண்ணீர் ஓடி அறுக்கும். கரை உடைந்தால் நஷ்டம் விவசாயிக்கு. வயல் வரப்பை எந்தக் காலத்திலும் தடமாகச் சேர்க்காதீர்கள். தையில் அறுவடை முடிந்த வயல் காலியாகத் தெரியும்; உள்ளே உளுந்தும் பயறும் முளைத்துக்கொண்டிருக்கும்.

களைப்பை நிறத்தோடு கலக்க வேண்டாம். இம்பாவும் ஓட்டுத்திறனைத்தான் தரம் பிரிக்கிறது, உடல் உழைப்பை அல்ல. தூரம், நிழல், குடிநீர் கிடைக்கும் இடம், ஆடிக் காற்றில் மேற்கே திரும்பி வர வேண்டுமா என்பதையெல்லாம் தனி வரியில் எழுதுங்கள். முள்ளும் அப்படியே. நெருஞ்சியும் சீமைக்கருவேலும் உள்ள தடத்தில் ‘மாற்று டியூப் 2, பஞ்சர் ஒட்டு, பம்ப் அவசியம்’ என்று போடுங்கள். டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைத்து, முறிந்த முள் நுனி சிக்குகிறதா என்று பார்க்காவிட்டால் புது டியூபும் உடனே போகும்.

பெடல் திருவையாறு

எல்லாருக்கும் நன்றி. ஒரு தடத்தை அளந்தது இது, நிறம் சொல்லுங்க. நீளம் 6.5 கி.மீ., கரை அகலம் 1.5 முதல் 2 மீட்டர், கோடை நிலை, ஆற்றில் தண்ணி இல்லை, இருபுறமும் கரை படிப்படியா சாயுது. சாய்தளம் இரண்டு, பெரியது 18 சதவீதம். ஒரு மதகு மேல் சிலாப் 110 செ.மீ. அகலம், கைப்பிடிச் சுவர் இல்லை, கீழே 1.5 மீட்டர் பள்ளம், ஏறும் இடத்தில் 12 செ.மீ. படி. கடைசியில் 200 மீட்டர் உதிரி மணல். ஒரு பனந்தண்டுப் பாலமும் இருக்கு.

வெண்ணாறு வடகரை

நீலம். படி 12 செ.மீ., அதாவது 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பச்சையின் 2 அங்குலத்தைத் தாண்டுகிறது, நீலத்தின் 8-க்குள் அடங்குகிறது. சாய்தளம் பச்சையின் 15-ஐத் தாண்டுகிறது. சிலாப்பின் அகலம் பச்சைக்கே போதும், ஆனால் கைப்பிடி இல்லாமல் 1.5 மீட்டர் பள்ளம். செம்மண் சக்கரம் சொன்னபடி அங்கே ஒரு நிறம் ஏற்றுவதே நியாயம். பனந்தண்டில் யாரும் ஓட்ட வேண்டாம். உருண்டை, ஈரத்தில் வழுக்கும், பாரம் தாங்குமா என்பது வெளியே தெரியாது. வண்டியைத் தோளில் தூக்கி ஒருவர் ஒருவராக நடக்க வேண்டும், அல்லது தடத்தையே வேறு வழியாகத் திருப்ப வேண்டும்.

எந்தத் திசையில் அளந்தீர்கள்? அந்தப் படியை எதிர்த் திசையில் வந்தால் இறங்குவதுதான். வேகம் குறைத்து, பெடல்களைச் சமமாக வைத்து, எடையைப் பின்னால் தள்ளினால் போதும். ஏறுவதற்கு முன்சக்கரத்தைத் தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். தடத்துக்கு ஒரு திசை நிர்ணயித்து அம்புக்குறி போடுங்கள்.

செம்மண் சக்கரம்

ஒரே இடத்துக்காக முழுத் தடத்தையும் ஏத்தணுமான்னு முதலில் கேட்டீங்கல்ல? நான் மூணு நிபந்தனை வைப்பேன். அந்த இடம் 15, 20 மீட்டருக்கு முன்னாடியே கண்ணில் படணும். நின்னு இறங்க இடம் இருக்கணும். தள்ளிக்கிட்டுப் போற தூரம் 20 மீட்டருக்குள் இருக்கணும். மூணும் இருந்தா ‘இறங்கித் தள்ளவும்’னு பலகை வைச்சுட்டு, மிச்சத் தடத்தின் நிறத்தையே கொடுக்கலாம். திருப்பத்துக்குப் பின்னால் ஒளிஞ்சிருக்கிற மதகுன்னா ஏத்தித்தான் ஆகணும். உங்க தடத்தில் சிக்கலான இடங்கள் நாலஞ்சு வருது. தள்ளிக்கிட்டே போறதுக்கு யாரும் வரமாட்டாங்க, நீலமே இருக்கட்டும்.

சாய்தளம் முடியற இடத்தில் சாலை வருதான்னும் பாருங்க. வந்தா சரிவு எவ்வளவா இருந்தாலும் அங்கே இறங்கித்தான் போகணும்.

பெடல் திருவையாறு

அந்த 200 மீட்டர் மணலைச் சுற்றிப் போக முடியாது. புதியவங்களுக்கு என்ன சொல்லலாம்?

நாகை உப்புக்காற்று

மணல் தொடங்கும் முன்பே கியரை இலேசாக்கி, வேகத்தோடு உள்ளே நுழையச் சொல்லுங்கள். உட்கார்ந்தே, விடாமல் சீராக மிதிக்க வேண்டும். எடை பின்னால், கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, முன் பிரேக்கைத் தொடாமல். சக்கரம் அலைந்தால் ஹேண்டிலைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கக்கூடாது, இடுப்பைச் சாய்த்தால் போதும். 65–75 கிலோ ஆளுக்கு 2.1 டயரில் காற்றழுத்தம் சாதாரணமாக 30–32 பி.எஸ்.ஐ. இருக்கலாம். மணலுக்கு 24–25 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும், முக்கியமாக அந்த 12 செ.மீ. படியில். படி முதலில், மணல் கடைசியில் என்பதால் மணலுக்கு முன் நின்று காற்றை விட்டு, தார்ச்சாலை ஏறியதும் பம்ப் செய்துகொள்ளட்டும். திசையை மாற்றினால் இந்த வரிசையும் தலைகீழாகும்; மணல் முடிந்த இடத்திலேயே காற்றை நிரப்பிவிட்டுத்தான் படிக்குப் போக வேண்டும்.