பக்கத்து வண்டி ஜெனரேட்டர்: எப்படிப் பேசுவது?

வணக்கம். அரிசோனாவில் குவார்ட்சைட் பக்கம், லா போசா என்ற இடத்தில், பி.எல்.எம் (அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறை) நிலத்தில் எங்கள் ஆர்.வி.யை (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) நிறுத்தியிருக்கிறோம். இங்கே மின் இணைப்பு கிடையாது. எங்களுக்குக் கூரை சோலாரே போதும்.

மூன்று நாள் முன்பு ஒரு வயதான தம்பதி சுமார் 40 அடி தள்ளி வந்து நிறுத்தினார்கள். இத்தனை பெரிய பாலைவனத்தில் ஏன் இவ்வளவு பக்கத்தில் என்று இன்னும் புரியவில்லை. வைத்திருப்பது கட்டட வேலைக்காரர்கள் பயன்படுத்தும் மூடியில்லாத ஜெனரேட்டர். சத்தம் குறைந்த இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டராக இருந்தால் பக்கத்தில் நின்றே பேசலாம், இது நெஞ்சுக்குள் அதிர்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்பது இங்கே விதி. ஆனால் விடியும்வரை ஓடுகிறது. என் மாமியார் மூன்று இரவாகத் தூங்கவில்லை.

நேற்று புகார் சொல்லலாம் என்று கிளம்பினேன். அதற்குள் அந்த அம்மாவே வந்து, கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும், சிபேப் கருவிக்காகத்தான் (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) ஜெனரேட்டரை ஓட்டுகிறோம் என்றார். அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை.

சிபேப் பயன்படுத்துகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்: கருவியில் உள்ள ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டு, 12 வோல்ட் கேபிளில் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஓர் இரவு தாங்குமா? எங்களிடம் ஒன்று உபரியாக இருக்கிறது, பகலில் எங்கள் சோலாரிலேயே சார்ஜ் செய்து கொடுக்கலாம். முதலில் அந்தக் கணவரின் மருத்துவரிடம் கேட்கச் சொல்ல வேண்டுமா? அவர்கள் மனம் நோகாமல் இதை எப்படி ஆரம்பிப்பது?