கன்று ஈன்ற மாட்டின் ரத்தத்தில் அமினோ அமிலம் எங்கே போகிறது? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கால்நடை மருத்துவர்:

ஈன்று இரண்டாம் வாரத்தில் இருந்த ஒரு நல்ல கறவைப் பசுவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது, வைக்கோலை மட்டும் கொறிக்கிறது. ஈனும்போது கொழுகொழுவென்று இருந்த மாட்டுக்கு இப்போது முதுகெலும்பு தெரிகிறது. மூச்சில் அந்த இனிப்பு வாடை. உடம்புக் கொழுப்பு கரையும்போது கல்லீரலில் உண்டாகும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற கீட்டோன், ரத்தத்தில் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தொட்டாலே மறைமுகக் கீட்டோசிஸ் என்போம், அதாவது வெளியே அறிகுறி தெரியாத கீட்டோன் பெருக்கம். இதற்கு அதைவிட வெகு அதிகம். பாலில் புரதம் இறங்கிவிட்டது என்று உரிமையாளர் புண்ணாக்கைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

பலரும் செய்வது இதுதான். ஆனால் மாடு தின்னும் மாவுச்சத்தில் பெரும்பகுதியை ரூமன் என்ற முதல் இரைப்பையில் வாழும் கிருமிகளே தின்றுவிடுகின்றன. குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. அந்தக் கிருமிகள் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் புரோப்பியோனேட்டிலிருந்து கல்லீரல்தான் குளுக்கோஸைச் செய்ய வேண்டும். தீனி குறைந்தால் புரோப்பியோனேட்டும் குறையும். மடியோ பால் சர்க்கரைக்காகக் குளுக்கோஸைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது கல்லீரல் புரதத்தின் கட்டுக்கற்களான அலனின், குளுட்டமின் போன்ற அமினோ அமிலங்களை எடுத்துக் குளுக்கோஸாக மாற்றுகிறது. பால் புரதமாக வேண்டியது சர்க்கரையாகிவிடுகிறது. மிஞ்சும் நைட்ரஜனை யூரியாவாக மாற்றவும் அதே கல்லீரல்தான் சக்தி செலவழிக்க வேண்டும். இந்த நிலையில் புண்ணாக்கை மட்டும் கூட்டினால் கூடுவது யூரியாதான்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன். கல்லீரல் குளுக்கோஸ் செய்ய உதவும் புரோப்பிலீன் கிளைகால் என்ற திரவத்தை நாளுக்கு 300 மில்லி வீதம் சில நாள் வாய்வழி கொடுக்கச் சொன்னேன். புண்ணாக்கைப் பழைய அளவுக்குக் குறைத்து, தீனி எடுக்க எடுக்க மக்காச்சோளத்தை மெதுவாக ஏற்றினோம். பால் புரதம் தானாக ஏறியது.

பண்ணை வைத்திருப்பவர்:

டாக்டர் சொல்வது எனக்குப் பால் சீட்டிலேயே தெரிந்துவிடும். ஈன்ற புதிதில் கொழுப்பு கிடுகிடுவென்று ஏறி, புரதம் இறங்கும். கொழுப்பைப் புரதத்தால் வகுத்து 1.5க்கு மேல் வந்தால் அந்த மாட்டைத் தனியாகக் கவனிப்பேன். கொழுப்பு ஏறுகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது மாட்டின் உடம்பிலிருந்து கரைந்து வருகிற கொழுப்பு.

ஒரு சந்தேகம் டாக்டர். கொழுப்பு மட்டுமா கரைகிறது? முதுகோரத் தசையும் வற்றுகிற மாதிரி இருக்கிறதே?

தீவனக் கலவை பார்ப்பவர்:

தசைக்கு டாக்டரே பதில் சொல்லட்டும். நான் தீவனப் பக்கத்தைச் சொல்கிறேன். மக்காச்சோளத்தை நம்பிய கலவையில் முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்ற அமினோ அமிலம். சோயாவை நம்பினால் மெத்தியோனின். புல் சைலேஜ் (காற்றுப்புகாமல் புளிக்கவைத்த புல்) மட்டும் போட்டு, புரதமும் குறைவாக இருந்தால் ஹிஸ்டிடின் முந்திக்கொள்ளும். குடலில் சேரும் புரதத்தில் லைசின் மூன்று பங்குக்கு மெத்தியோனின் ஒரு பங்கு என்பது நாங்கள் வைத்திருக்கிற கணக்கு.

வெறும் மெத்தியோனின் தூளைத் தீவனத்தில் கலப்பது பெரும்பாலும் வீண். ரூமன் கிருமிகள் பெரும்பகுதியை உடைத்துவிடும். ரூமனில் கரையாத பூச்சு போட்டதுதான் குடல்வரை போகும். சோயாப் புண்ணாக்கைச் சூடேற்றினால் ரூமனில் உடையாமல் தப்பிக்கும், சரி. ஆனால் சூடு மிஞ்சிக் கருகினால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும், மாட்டுக்கு உதவாது. நிறத்தையும் வாசனையையும் பார்க்காமல் மூட்டையை இறக்கவே மாட்டேன்.

மெத்தியோனினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல்லீரலில் குவிந்த கொழுப்பைப் பொதிந்து வெளியே அனுப்பத் தேவையான பாஸ்படிடில் கோலின் என்ற பொருளுக்கு மீத்தைல் தொகுதியைக் கொடுப்பது அதுதான். ஈனுவதற்குச் சில வாரம் முன்பே பூச்சு மெத்தியோனின் தொடங்கச் சொல்வது அதனால்தான். தீனியையே தொடாத மாட்டுக்கு அதைக் கொடுத்து அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

ரூமன் கிருமிகளை வில்லனாக்கவும் வேண்டாம். வேதியியல் நோபல் வாங்கிய பின்லாந்துக்காரர் விர்த்தானென் 1960களில் புரதமே இல்லாத தீவனத்தில் யூரியாவும் அம்மோனியம் உப்பும் சேர்த்துப் பசுக்களை வளர்த்துப் பால் கறந்தார். அத்தனை அமினோ அமிலமும் கிருமிகள் செய்து கொடுத்தவை. ஆனால் அதற்கு அவற்றுக்குச் சக்தி கிடைக்க வேண்டும். டாக்டர் மக்காச்சோளம் ஏற்றியதன் பலன் இந்தப் பக்கமும் வரும்.

மேய்ச்சல் மாடு வைத்திருப்பவர்:

எங்களுடையது வேறு கதை. காய்ந்த தரையில் மேய்ந்த மாடுகளைத் திடீரெனத் தழைத்த பசும்புல்லுக்குள் விட்டார்கள். சில நாளில் வளர்ந்த மாடுகள் நாக்கை நீட்டி மூச்சு வாங்கின, சில செத்தும் போயின. புல்லிலிருக்கும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை ரூமன் கிருமிகள் 3-மீத்தைல் இண்டோலாக மாற்றி, அது நுரையீரலைக் கெடுக்கிறது என்று பின்னால் விளக்கினார்கள். அதிலிருந்து புல் மாற்றம் என்றாலே கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

கால்நடை மருத்துவர்:

பண்ணைக்காரரே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. தசையும் கரைகிறது. தசைப் புரதம் உடையும்போது 3-மீத்தைல் ஹிஸ்டிடின் வெளிவரும். உடம்பு அதை மறுபடி பயன்படுத்த முடியாது. ஈன்ற முதல் வாரங்களில் அது ரத்தத்தில் ஏறினால் மாடு தன் தசையை உடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதே சமயத்தில் குளுட்டமின் இறங்கும், கிளைசின் பெரும்பாலும் ஏறும். கிளைசின் ஏறியதைப் பார்த்து அமினோ அமிலம் தாராளம் என்று நினைக்கக் கூடாது.

இன்னொன்று, பாலில் உள்ள புரதத்தின் அமினோ அமில விகிதம் இதனாலெல்லாம் பெரிதாக மாறாது. பாலின் முக்கியப் புரதமான கேசீனில் அமினோ அமிலங்கள் அமையும் வரிசை மரபணுவில் எழுதியிருப்பது. குறைவது அளவுதான். ஆகவே பாலை அமினோ அமிலச் சோதனைக்கு அனுப்புவது காசுக்குக் கேடு.

ரத்தம் அனுப்புவதாக இருந்தால், எல்லா மாட்டுக்கும் தீவனம் வைத்து அதே நேர இடைவெளியில் எடுங்கள். எடுத்ததும் பனிக்கட்டியில் வைத்து, பிளாஸ்மாவை, அதாவது ரத்த அணுக்கள் நீங்கிய திரவத்தை, சீக்கிரம் பிரித்து உறையவைக்க வேண்டும். வெளியே கிடந்தால் குளுட்டமின் உடைந்து குளுட்டமேட் ஏறிவிடும், அப்புறம் அந்த அறிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.