மறு: முலாமில் ‘ஸ்ட்ரைக்’ – பிடிமுலாம்?

அண்ணாச்சி, வணக்கம்.

மின்சாரம் விட்டு முலாம் பூசும்போது முதலில் ஏற்றும் மெல்லிய பூச்சை ‘ஸ்ட்ரைக்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் வந்த ‘அடிமுலாம்’ நல்ல சொல்தான். ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பாரில் பளபளக்கும் குரோமியத்துக்கு அடியில் நிக்கல் இருக்கும், சிலவற்றில் அதற்கும் அடியில் செம்பு. அவை கனமான பூச்சுகள், அடிமுலாம் என்றால் அவைதான். ஸ்ட்ரைக் அப்படியில்லை. மேலே வருவது ஒட்டுவதற்காக மட்டும் கொடுக்கிற முதல் பூச்சு. தம்பி ஒருவர் சொன்ன ‘மெல்முலாம்’ எனக்கு ஒப்பவில்லை. கவரிங் நகையின் தங்கமும் மெல்லியதுதானே?

போன மாதம் புளியரையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய டைனமோவின் இரும்பு கிளாம்புக்குச் செம்பு பூசப் பார்த்தேன். அதற்கான மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கியது கேரளத்து ஆரியங்காவுப் பக்கம். அங்கே ‘துரிசு’ என்று கேட்க வேண்டும். ரப்பர் மரத்துக்குப் போர்டோ கலவை (துரிசும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) போடப் போகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர், சுண்ணாம்பு வேண்டாமா என்றார். கிளாம்பைக் கரைசலில் முக்கியதுமே, சார்ஜர் ஒயரை மாட்டும் முன்பே, செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். கட்டைவிரலால் தேய்த்தேன், மொத்தமும் கையோடு வந்தது. இரும்பு கரையக் கரைய அந்த இடத்தில் செம்பு தானாக வந்து உட்காருகிறது. உட்காருகிறதே தவிர, பிடிப்பதில்லை.

அப்புறம் வினிகரில் சிட்டிகை உப்பும் நிக்கல் துண்டும் போட்டு மின்சாரம் விட்டேன். வெளிர்பச்சையாக மாறிய அந்தக் கரைசலில் (கையுறை போட்டுத்தான்) கிளாம்புக்கு முதலில் சில நிமிஷம் நிக்கல். அதன்மேல் ஏற்றிய செம்பு, அரத்தால் ஓரத்தைச் சுரண்டியும் உரியவில்லை.

கொத்தனார் பூச்சுக்கு முன் சிமெண்ட் பால் அடிப்பாரே, அதே வேலை. ‘பால்முலாம்’ என்றுகூட யோசித்தேன். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே நான் பிடிமுலாம் கட்சி. முலாம் அரபி வழி வந்ததென்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், கவரிங் கடையில் அந்தச் சொல்தான் புழங்குகிறது. ஸ்ட்ரைக் என்றே விடலாம் என்பவர்களுக்கு ஒன்று: எங்கள் ஊரில் ஸ்ட்ரைக் என்றால் அன்றைக்குப் புனலூர் பஸ் வராது.

இனி வினை. ‘பூசு’வா, ‘கொடு’வா? பட்டறையில் ‘கோட்டிங் கொடு’ என்பார்கள். ‘பிடிமுலாம் கொடுத்தாச்சா?’ என்று கேட்டால் காதுக்குச் சரியாக இருக்கிறது. ‘பிடிமுலாம் பிடி’ என்று மட்டும் யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள்.