ரவுட்டருக்கு வெளிய வர்ற டிராஃபிக்கை பச்சையா பாக்கணும், சேஃபா எப்படி?

மொட்டைமாடி:
வீட்ல ஃபைபர் லைன், ஓஎன்டியை (ஃபைபர் வந்து சேர்ற பெட்டி) பிரிட்ஜ் மோட்ல, அதாவது சும்மா கடத்தி மட்டும் விடற மாதிரி போட்டு, என் ரவுட்டர்ல பிபிபிஓஇ (நெட் கம்பெனிக்கு லாகின் ஆகற முறை) டயல் ஆகுது. ரவுட்டர் தடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன வந்து கதவைத் தட்டுதுன்னு பாக்க ரொம்ப நாள் ஆசை. நடுவுல மிரரிங் (ஒரு போர்ட்ல போறதை இன்னொண்ணுக்கும் காப்பி அடிக்கறது) இருக்கற அஞ்சு போர்ட் சுவிட்ச் ஒண்ணு வச்சு, சும்மா கிடக்கற பழைய லினக்ஸ் லேப்டாப்பை அதுல சொருகலாம்னு இருக்கேன், சுவிட்ச் ஆர்டர் போட்டாச்சு. ஆனா லேப்டாப் நடுத்தெருவுல நிக்குமே, அதுல எவனாச்சும் பூந்துட்டா அப்படியே வீட்டுக்குள்ளயும் வந்துடுவானா?

கேபிள்கிறுக்கன்:
டிராஃபிக்கைக் கேக்குற லேன் கார்டுக்கு ஐபியே குடுக்காதீங்க. தானா ஐபி வாங்கற டிஹெச்சிபி ஆஃப், இந்த ஐபி யாருன்னு கேட்டா பதில் சொல்ற ஏஆர்பி ஆஃப், எல்லா பேக்கெட்டையும் கேக்க வைக்கற ப்ராமிஸ்கஸ் ஆன். எல்லாரும் கோட்டை விடறது ஐபிவி6ல, கார்டு அப் ஆனதுமே லினக்ஸ் தானா எஃப்இ80ன்னு ஒரு லிங்க் லோக்கல் அட்ரஸ் போட்டுக்கும், அதையும் அந்த இன்டர்ஃபேஸ்ல டிசேபிள் பண்ணணும். லினக்ஸ்ல நெட் செட்டிங்கைப் பாத்துக்கற நெட்வொர்க்மேனேஜர்கிட்டயும் அந்த கார்டைத் தொடாதேன்னு சொல்லி வைங்க, இல்லாட்டி ரீபூட் பண்ணினா பழைய குருடி கதவைத் திறடிதான். லேப்டாப்புக்குள்ள லாகின் பண்ண இன்னொரு யூஎஸ்பி லேன் கார்டு போட்டு ரவுட்டருக்கு உள்பக்கம் தனி விலேன்ல (பிரிச்சு வச்ச உள் நெட்வொர்க்) விடுங்க, ரெண்டு கார்டுக்கும் நடுவுல ஃபார்வர்டிங் (ஒண்ணுல வர்றதை இன்னொண்ணுக்கு அனுப்பறது) கூடவே கூடாது. சுவிட்சையும் மறந்துடாதீங்க, விலை கம்மியான சுவிட்ச் பலதுல அட்மின் பேஜ் எந்த போர்ட்லேர்ந்தும் திறக்கும், டீஃபால்ட் பாஸ்வேர்டோட அதை வாசல்ல வைக்கறது வேலியில போற ஓணான் கதை.

ராக்கோழி:
மேல சொன்னது சரி, ஆனா ஐபி இல்லன்னா பத்திரம்னு அதோட விட்டுடாதீங்க. 2004 மார்ச்ல விட்டி வார்ம்னு தானா பரவற வைரஸ் மாதிரி ஒண்ணு வந்துச்சு, ஐஎஸ்எஸ் கம்பெனி செக்யூரிட்டி சாஃப்ட்வேர் ஓடின மெஷினையே அடிச்சுது. ஐசிக்யூங்கற சாட் சர்வீஸோட பேக்கெட்டைப் பிரிச்சுப் படிக்கற கோட்ல ஓட்டை, போர்ட் எதுவும் திறந்திருக்கவே வேணாம், சாஃப்ட்வேர் அந்த பேக்கெட்டைப் பாத்தாலே போதும். காவக்காரனுக்கே அந்த கதி. அதனால பேக்கெட்டைப் பிரிச்சுக் காட்டற வயர்ஷார்க்கை ரூட்டா (முழு அதிகாரத்தோட) ஓட்டாதீங்க, லேப்டாப்ல பேக்கெட்டைப் பிடிக்க மட்டும் செய்யற டம்ப்கேப் வச்சு ஃபைல்ல எழுத மட்டும் விடுங்க, பிரிச்சுப் பாக்கறதை நெட் இல்லாத விஎம்ல (மெஷினுக்குள்ள ஓடற தனி மெஷின்) வச்சுக்கலாம்.

அப்புறம் பேக்கெட்டைப் பிடிக்கற டிசிபிடம்ப் கமாண்ட்ல வெறும் போர்ட் 23ன்னு (டெல்நெட்) ஃபில்டர் போட்டா ஒண்ணும் வராது, எல்லாம் பிபிபிஓஇக்குள்ள இருக்கு, முன்னாடி பிபிபிஓஇஎஸ் சேர்க்கணும், விலேன் டேக் இருந்தா அதுக்கும் முன்னாடி விலேன். இது தெரியாம நான் ஒரு ராத்திரி முழுக்க ஈ ஓட்டிட்டு இருந்தேன்.

தெருமுனை:
இவ்ளோ எதுக்கு, முதல்ல ரவுட்டர்ல வான் ஐபி (வெளிப்பக்க ஐபி) என்னன்னு பாத்தீங்களா? 100.64லேர்ந்து 100.127க்குள்ள இருந்தா நீங்க சிஜிநாட்டுக்குப் (ஒரே ஐபியை நெட் கம்பெனி பல பேருக்குப் பங்கு போடறது) பின்னாடி இருக்கீங்க, நீங்களா கூப்பிடாம வெளி ஆள் யாரும் ஐபிவி4ல உங்க வாசலுக்கு வரவே முடியாது.

மொட்டைமாடி:
இப்பதான் பாத்தேன், 100.72ல ஆரம்பிக்குது 😭 ஐபிவி6 இருக்கு, அதுல வராதா?

தெருமுனை:
வரலாம், ஆனா அட்ரஸ் அவ்ளோ பெருசுங்கறதால ஐபிவி4 மாதிரி வரிசையா ஒவ்வொரு கதவா தட்டிட்டு வர முடியாது, ரொம்பக் கம்மியாதான் இருக்கும். தட்டுறதைப் பாக்கறதுதான் ஆசைன்னா சின்னதா ஒரு விபிஎஸ் (வேற இடத்துல ஓடற சர்வர்) மாச வாடகைக்கு எடுத்து அதுல டிசிபிடம்ப் ஓட்டுங்க, போர்ட் 22லயும் (எஸ்எஸ்ஹெச் லாகின்) 23லயும் சீக்கிரமே கூட்டம் சேர்ந்துடும். 23ல வர்றதுல நிறைய 2016ல வந்த மிராய்ங்கற மால்வேரோட வாரிசுங்கதான். எவனாச்சும் பூந்தாலும் அழிச்சுட்டு புதுசா போட்டுக்கலாம், வீட்டுக்கு சம்பந்தமே இல்ல.

மொட்டைமாடி:
சரிண்ணே, சுவிட்ச் ஆர்டர் இன்னும் கிளம்பல, கேன்சல் பண்ணிட்டு வரேன்.