லினக்ஸில் கேம் ஆடுபவர்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு அனுபவம் சொல்லுங்கள்

தூக்கம்கெட்டவன் எழுதியது:

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. என் பழைய டெஸ்க்டாப்பில் 11 ஏறாது. லினக்ஸ் மின்ட் போட்டேன். இந்தக் கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், விடுங்கள். ஸ்டீம் கடையில் வாங்கி வைத்திருந்த தனியாள் கேம்கள், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டானில் அப்படியே ஓடின. ஒன்றிரண்டில் அறிமுக வீடியோ மட்டும் கறுப்பாக வந்தது, அவ்வளவுதான்.

சொல்ல வந்தது சனிக்கிழமை ராத்திரி விஷயம். கல்லூரி நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சனிக்கிழமை டிஸ்கார்டில் கூடி ஒரு ஷூட்டர் ஆடுவோம், பேர் வேண்டாம். கேம் திறந்தது. பயிற்சி மைதானத்தில் சுட்டுப் பார்த்தேன், விண்டோஸில் ஓடியதற்குக் கொஞ்சமும் குறைவில்லை. லாபிக்குள் போய் ரெடி கொடுத்ததும் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஏமாற்று ஆட்டத்தைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் இந்தக் கணினியை ஏற்கவில்லையாம். கீழே ஓகே என்று ஒரே ஒரு பட்டன். அழுத்தினால் மெனு. மறுபடி ரெடி, மறுபடி அதே பெட்டி. காதில் நண்பர்கள் எல்லோரும் சும்மா இருந்தார்கள். அப்புறம் ஒருவன், "சரி மச்சி, நான் ஸ்க்ரீன் ஷேர் பண்றேன், நீ பாத்துட்டு இரு" என்றான். அன்பாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

உங்களுக்கு எப்படி? நல்லதோ கெட்டதோ, ஒன்று சொல்லுங்கள்.

வடக்குவாசல் எழுதியது:

எனக்கு நேர்மாறு. 2022 பிப்ரவரி, எல்டன் ரிங் வந்த வாரம். அப்போது ஹாஸ்டல். என்னுடையது சாதாரண மெஷின், லினக்ஸ் மட்டும்தான். பக்கத்து அறைப் பையனிடம் என் மொத்தக் கம்ப்யூட்டர் விலைக்குச் சமமான கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸில் அந்தக் கேம் வந்த புதிதில் எப்படித் திக்கியது என்று ஞாபகம் இருக்கிறதா? குதிரையில் போனால் நிற்கும், புது இடம் திறந்தால் நிற்கும். ஸ்டீமை நடத்தும் வால்வ் ஆட்கள் சில நாட்களிலேயே ப்ரோட்டான் பக்கத்தில், கிராபிக்ஸ் கட்டளைகளை மாற்றித் தரும் விகேடி3டி-யில், அதற்கென்று ஒரு திருத்தம் போட்டார்கள். ஃப்ரேம் எண்ணிக்கை எனக்குக் குறைவுதான், ஆனால் திக்கல் குறைந்துவிட்டது.

அவன் தண்ணீர் பாட்டிலோடு வந்து என் பின்னால் நின்றான். நான் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "டேய், அந்த பென் டிரைவ் எங்கடா?" என்றான். லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணின பென் டிரைவைத்தான் கேட்டான். அன்று அடைந்த பெருமிதம் செமஸ்டர் மார்க்கில்கூட வந்ததில்லை.

ஆகவே தூக்கம்கெட்டவன், உங்கள் பிரச்சினை லினக்ஸ் இல்லை, அந்த ஒரு கேம்.

இரவு ஒன்பதரை எழுதியது:

வடக்குவாசல் தம்பி, ஹாஸ்டலில் நேரம் கொட்டிக் கிடக்கும். எனக்குக் குழந்தை தூங்கியபின் கிடைப்பது முக்கால் மணி நேரம், அதுவும் நல்ல நாளில். வேலை முடித்து, பாத்திரம் கழுவி, லேப்டாப்பை மடியில் வைத்து ப்ளே அழுத்தினால் வரும் பாருங்கள் அந்தப் பட்டை: வல்கன் ஷேடர்களை, அதாவது காட்சி வரைய கிராபிக்ஸ் கார்டுக்கு வேண்டிய குட்டி நிரல்களை, தயார் செய்கிறதாம். 4 சதவீதம். 5 சதவீதம். ஃபேன் மிக்ஸி போல இரைந்து, குழந்தை புரண்டு படுத்தாள். 61 சதவீதத்தில் எழுந்தே விட்டாள். கேம் முகப்பைக்கூட நான் பார்க்கவில்லை. மறுநாள் டிரைவர் அப்டேட், மறுபடி முதலிலிருந்து.

விண்டோஸில் இந்தப் பட்டையே இருந்ததில்லை. ஆடும்போது அங்கங்கே திக்கும், ஆனால் ஆடிக்கொண்டாவது இருப்பேன்.

கணினிக்கிறுக்கன் எழுதியது:

அக்கா, அந்தப் பெட்டியில் ஸ்கிப் பட்டன் இருக்கிறது.

இரவு ஒன்பதரை எழுதியது:

இருக்கிறது தம்பி. அழுத்தினேன். முதல் சண்டையில் ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் ஒரு நொடி உறைந்தது. அதைப் பார்த்துத்தான் அடுத்த நாள் பட்டையை ஓடவிட்டேன்.

கணினிக்கிறுக்கன் எழுதியது:

அப்படியானால் விளக்கமாகவே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். ஸ்டீம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்தின் கீழே, ஷேடர்களைப் பின்னணியில் தயார் செய்ய அனுமதி என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, பகலில் லேப்டாப்பை சார்ஜில் வைத்து ஸ்டீமைத் திறந்தே விடுங்கள். ராத்திரி பட்டை வராது, வந்தாலும் சீக்கிரம் முடியும்.

அடுத்து, இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பா என்று பாருங்கள். பல டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் வகைகளில், கேம் சின்ன கிராபிக்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. மேங்கோஹட் போட்டால் மூலையில் எந்தக் கார்டு, எத்தனை ஃப்ரேம் என்று காட்டும். என்விடியா என்றால் கம்பெனி டிரைவர்தான் போட வேண்டும். செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) ஆனில் இருந்தால் அந்த டிரைவருக்குச் சாவி பதிவு செய்யும் நீலத்திரை ரீஸ்டார்ட்டில் ஒருமுறை வரும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது, எல்லாம் ஆமை வேகம். ஏஎம்டி என்றால் இந்தத் தலைவலியே இல்லை, மீசா டிரைவர் டிஸ்ட்ரோவோடு வந்துவிடும். புதிதாக வாங்குபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்டி வாங்குங்கள். எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கிய கேம்களைத் திறக்க ஹீரோயிக் என்ற மென்பொருள். ஏதாவது ஓடவில்லை என்றால் எந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்று ஆட்கள் எழுதும் ப்ரோட்டான்டிபி தளத்தை முதலில் பாருங்கள். அதில் பிளாட்டினம், கோல்டு என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், கீழே ஆட்கள் எழுதியிருப்பதைத் தேதி பார்த்துப் படியுங்கள். பழைய கோல்டு இன்றைக்குச் செல்லாக்காசாக இருக்கலாம்.

ஒரு கொசுறுத் தகவல்: விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராபிக்ஸ் கட்டளைகளை லினக்ஸில் ஓடும் வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே-யை பிலிப் ரெபோலே என்பவர் தொடங்கியதே நியர் ஆட்டோமேட்டா ஆட வேண்டும் என்றுதான். 2018 ஆகஸ்டில் ப்ரோட்டான் வந்தபோது அதற்குள் இதுவும் இருந்தது. ஒரு ஆள் ஒரு கேம் ஆட ஆசைப்பட்டதால் நாமெல்லாம் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

என் அனுபவமா? எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆடத்தான் நேரம் இல்லை, செட்டிங்ஸ் மாற்றவே சரியாக இருக்கிறது.

மாடிவீடு எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு ஏஎம்டி வாங்கியவன் நான். ஹாலில் 4கே டிவி, 120 ஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ கேபிள் சொருகினேன். 4கே வந்தது. 120-ஐத் தேடினேன், பட்டியலில் 60-உடன் முடிந்துவிட்டது. கேபிளை மாற்றினேன், டிவி செட்டிங்கை மாற்றினேன், வீட்டில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்புறம் படித்தால், 4கே-யில் 120-க்கு வேண்டிய எச்டிஎம்ஐ 2.1-ஐ ஓப்பன் சோர்ஸ் டிரைவரில் எழுத எச்டிஎம்ஐ ஃபோரம் 2024 தொடக்கத்தில் அனுமதி மறுத்துவிட்டதாம். கார்டு தயார், டிவி தயார், நடுவில் ஒரு உரிமப் பத்திரம். மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் வைத்து ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. என் டிவியில் அந்த ஓட்டையே கிடையாது. அதே கார்டு, அதே கேபிள், விண்டோஸில் 120 வருகிறது. அதைப் பார்த்ததுதான் எரிச்சல்.

டி டிரைவ் எழுதியது:

டூயல் பூட் வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் கேம்களை ஒரே டி டிரைவில், அதாவது விண்டோஸ் முறையான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைத்திருந்தேன். 100 ஜிபி கேமை எதற்கு இரண்டு தடவை இறக்க வேண்டும்? நன்றாகத்தான் போனது. ஒருநாள் விண்டோஸ் திறக்கும்போது டிஸ்கைச் சரிபார்க்கிறேன் என்று கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. முடிந்ததும் லினக்ஸுக்குப் போனேன். கேம் திறந்தது. "புதிய ஆட்டம்" மட்டும்தான் இருந்தது. "தொடர்க" என்ற வரியே இல்லை.

காரணம் இதுதான். ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி விண்டோஸ் அடைவு கட்டுகிறது. சேவ் ஃபைலும் அதற்குள்தான் போகிறது. அந்த அடைவில் சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் (:) சேர்ந்த பெயரில் ஒரு இணைப்பு இருக்கும். லினக்ஸ் அதை என்டிஎஃப்எஸ்-இல் எழுதிவிடும், ஆனால் விண்டோஸ் சட்டப்படி பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. ஆகவே டிஸ்க் சோதனை அதைக் கெட்டுப்போன சரக்கு என்று நினைத்துச் "சரிசெய்கிறது". எனக்கு மொத்த அடைவும் போய்விட்டது. அந்த கேமுக்கு கிளவுட் சேவ் இல்லை. இந்தப் போலி அடைவுகள் இருக்கும் கம்ப்பேட்டேட்டா அடைவை மட்டுமாவது லினக்ஸ் பார்ட்டிஷனில் வையுங்கள். இதை இன்ஸ்டால் வீடியோ போடும் ஒருவர்கூடச் சொல்வதில்லை, தம்ஸ்அப் மட்டும் கேட்பார்கள்.

வடக்குவாசல் எழுதியது:

அது டூயல் பூட் பிரச்சினை. விண்டோஸை முழுசாக எடுத்திருந்தால் வந்திருக்குமா?

டி டிரைவ் எழுதியது:

முழுசாக எடுத்தால் தூக்கம்கெட்டவன் மாதிரி நண்பர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் போனாலும் உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது, வடக்குவாசல்.

நடுநிலை எழுதியது:

ஆன்டி-சீட் விஷயத்தில் இங்கே பாதி உண்மைதான் ஓடுகிறது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி-சீட் மென்பொருட்களுமே 2021-லேயே ப்ரோட்டானுக்குக் கதவைத் திறந்துவிட்டன. கேம் கம்பெனி ஒப்புக்கொண்டால் போதும். ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது, லினக்ஸில் ஆடியவர்கள் வெளியே. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் அவர்களே நிறுத்தினார்கள். லினக்ஸ் வழியாக ஏமாற்றுக்காரர்கள் நுழைகிறார்கள் என்றார்கள்.

நாம் கோபப்படுகிறோம், ஆனால் அவர்கள் வாதத்தில் சரக்கு இல்லாமல் இல்லை. கணினியின் ஓஎஸ்ஸுக்கு மையமான கர்னலுக்குள் உட்கார்ந்து காவல் காக்கும் மென்பொருளுக்கு, அந்தக் கர்னலை நம்ப முடிய வேண்டும். லினக்ஸில் கர்னலை நானே திருத்தி, நானே கட்டி, நானே ஏற்றலாம். நமக்கு அதுதான் பெருமை, அவர்களுக்கு அதுதான் பயம். 2025 கடைசியில் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் சுமார் 3 சதவீதம். அந்த 3-க்காக யார் தனிக் காவல் போடுவார்கள்?

என் அனுபவம் சின்னது. ஒரு ஷூட்டரில் என்னைக் கொன்றவன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் தலை போகும் பாதையிலேயே துப்பாக்கியை நகர்த்தியதை ரீப்ளேயில் பார்த்தேன். அது விண்டோஸ் மட்டும் ஓடும் கேம். கர்னல் காவல் இருந்தும் அப்படி. அதனால் எந்தப் பக்கமும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

கணினிக்கிறுக்கன் எழுதியது:

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 எல்லாம் லினக்ஸில் நேரடியாகவே ஓடுகின்றன. நண்பர்களை அதற்கு மாற்றுங்கள்.

தூக்கம்கெட்டவன் எழுதியது:

அவர்களை மாற்றுவதற்குப் பழைய மெஷினில் 11-ஐ ஏற்றிவிடலாம்.

பழையசிடி எழுதியது:

யாரும் பழைய கேம் பற்றிப் பேசவில்லை. பள்ளியில் அரசு லேப்டாப் கொடுத்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பையன்கள் எல்லோரும் முதல் வேலையாக அதைத் தூக்கிவிட்டார்கள், நான் வைத்திருந்தேன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் பழக்கமானது அப்படித்தான்.

போன பொங்கலுக்கு ஊரில் பீரோவைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் சிடி பை கிடைத்தது. அதில் 90களின் ஒரு ஹெலிகாப்டர் கேம். அண்ணன் விண்டோஸ் லேப்டாப்பில் போட்டான். இந்த ப்ரோகிராம் உங்கள் கணினியில் ஓடாது என்று வந்தது. இன்ஸ்டாலர் 16-பிட், 64-பிட் விண்டோஸ் அதைத் தொடாது. நான் வைனில் திறந்தேன். சாம்பல் நிறப் பெட்டி, நீலப் பின்னணி, நெக்ஸ்ட் பட்டன், எல்லாம் அப்படியே. கேமும் ஓடியது, சத்தம் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, "இதுல மூணாவது லெவல்ல பெட்ரோல் பத்தாது, அந்தப் பக்கமாப் போ" என்றார். அப்பா கேம் ஆடுவார் என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது.

கணினிக்கிறுக்கன் எழுதியது:

சிடி நாளாக நாளாகப் படிக்காது. உடனே ஐஎஸ்ஓ நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கரகரப்புக்கு வைன்கான்ஃபிக்கில் ஆடியோ பக்கம் போய்...

பழையசிடி எழுதியது:

எடுத்தாயிற்று. கரகரப்பு இருக்கட்டும், அப்பா அப்போதும் அப்படித்தான் இருந்தது என்கிறார்.