மறு: புல்விப் எஃபெக்ட் - ‘சாட்டைவீச்சு’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

கேரள எல்லையிலிருக்கும் வேலந்தாவளம் காய்கறி மண்டியில் கணக்கெழுதுகிறவன் நான். கடையில் தேவை கொஞ்சம் மாறினாலே ஆலைவரை போகும் ஆர்டர்கள் பெரிதாக ஆடுவதை ஆங்கிலத்தில் புல்விப் (மாட்டுச் சாட்டை) எஃபெக்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் பார்க்கிற சங்கதியாக இருப்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

> “தேவைப் பெருக்கம்” என்றாலே யாருக்கும் புரிந்துவிடுமே.

புரியும் அண்ணா, ஆனால் தப்பாகப் புரியும். மக்கள் கூடுதலாக வாங்குகிறார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே சிக்கலே, வாங்குகிறவர் பெரிதாக மாறாதபோதும் ஆர்டர் மட்டும் துள்ளுவதுதான். பி அண்ட் ஜி கம்பெனி தன் பாம்பர்ஸ் டயாப்பர் விற்பனையில் கண்டது அதைத்தான். குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கின்றன, கடை விற்பனையும் ஏறக்குறையச் சீராகவே இருந்தது. விநியோகஸ்தர்கள் போட்ட ஆர்டர் ஏறி இறங்கியது. மூலப்பொருளுக்குக் கம்பெனியே போட்ட ஆர்டர் அதைவிட மோசமாக ஆடியது. எம்ஐடி பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் இந்த ஆட்டத்தை 1961-லேயே விளக்கிவிட்டார். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹாவ் லீயும் மற்ற இருவரும் 1997-ல் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகுதான் சாட்டைப் பெயர் ஊரெல்லாம் பரவியது.

எங்கள் மண்டிக் கணக்கில் சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்கு மட்டும். திருச்சூர்க் கடையில் நாளைக்கு 100 கிலோ பயற்றங்காய் போகிறது. ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் பிறந்ததும் 120 ஆகிறது. கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று 150 கேட்கிறார். அவருக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி, பாதிதான் கிடைக்கும் என்று பயந்து 220 என்கிறார். எங்கள் மண்டிக்காரர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போன் போடும்போது அது 300 ஆகிவிடுகிறது. திருவோணம் முடிந்த மறுநாள் ஒரு போனும் வராது. இறங்கின மூட்டை வாடிக்கொண்டிருக்கும். ஓணத்துக்காகக் கூடிய அந்த 20 கிலோ நிஜமான தேவை, அதற்குப் பெயர் வேண்டியதில்லை. அதற்கு மேல் ஊதின 180-க்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> விலை பார்த்து நேந்திரன் நடுவதும் இதுதானே?

இல்லை அக்கா. போன வருசத்து விலையைப் பார்த்து எல்லாரும் வாழை வைத்து, இந்த வருசம் விலை விழுவது சிலந்திவலைக் கோட்பாடு, அது வேறு. அங்கே குழப்புவது விலை. இங்கே குழப்புவது ஆர்டர்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த “எருதுச்சாட்டை விளைவு” வேண்டாம். நம் ஊரில் சாட்டை என்றாலே வண்டிமாட்டுச் சாட்டைதான், எருதை எதற்குத் தனியாகக் கட்டி இழுக்க வேண்டும்? ‘விளைவு’ என்ற வால் இன்னும் மோசம். எஃபெக்ட் என்று எதைப் பார்த்தாலும் விளைவு என்று ஒட்டிவிடும் பழக்கம் நமக்கு.

சாட்டைவீச்சு எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், பள்ளி இயற்பியலில் அலையின் உயரத்துக்கு ‘வீச்சு’ என்றே படித்திருக்கிறோம். பிடியில் கை கொஞ்சம் அசைந்தால் நுனியில் வீச்சு பெரிதாகிறது. இங்கே பெரிதாவதும் வீச்சுதான். ஒரே சொல்லில் உவமையும் கணக்கும் அமைந்துவிட்டன. வீச்சு என்றால் இரண்டு பக்கமும் என்பதும் முக்கியம். 2020-ல் கார் கம்பெனிகள் சிப் ஆர்டரை ரத்துசெய்தன, 2021-ல் சிப் கிடைக்காமல் கார் ஆலைகள் நின்றன, அடுத்த இரண்டு வருசத்தில் நினைவகச் சிப்கள் விற்காமல் தேங்கின. ‘பெருக்கம்’ இந்தக் கீழ்ப்பக்கத்தைச் சொல்லாது.

> சாட்டை என்றால் அரசு “சாட்டையைச் சுழற்றியது” என்றுதான் செய்தி வாசகர் நினைப்பார்.

இந்த ஆட்சேபம் நியாயமானது, என்னிடம் முழுப் பதில் இல்லை. தலைப்பில் தனியாக வந்தால் குழப்பும். “ஆர்டர் சாட்டைவீச்சு” என்று முதல் தடவை எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மலையாளத்தில் சாட்டைக்குச் ‘சாட்டவார்’ என்பார்கள். எங்கள் மண்டியில் லோடு இறக்கும் மலையாளி அண்ணன்களிடம் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். கையை வீசிக்காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். எல்லையில் இருப்பவனுக்கு இது சின்ன விசயம் இல்லை.

இதன் காரணங்களுக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். பல நாள் தேவையைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடும் ஆர்டர் பேட்சிங்குக்கு ‘சேர்த்துக்கேட்பு’ போதும். வாளையார் செக்போஸ்ட்டில் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில், 2017-ல் ஜிஎஸ்டி வருமுன், அடிக்கடி வண்டி விடப் பயந்து ஒரே லோடாகச் சொன்ன வியாபாரிகளை எனக்குத் தெரியும். தட்டுப்பாட்டுக்குப் பயந்து இரட்டிப்பாகக் கேட்பதை மண்டியில் ‘கூட்டிக் கேக்கறது’ என்போம். ‘கூட்டிக்கேட்பு’ என்று வைத்தால் புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை. மற்ற இரண்டு காரணங்களான விலைத் தள்ளுபடிக்கும் முன்கணிப்புக்கும் ஏற்கனவே சொல் இருக்கிறது, விட்டுவிடலாம்.

நம் சொற்பட்டியலுக்கு என் வரைவு:

சாட்டைவீச்சு (பெ.) - வாங்குபவரின் தேவையில் வரும் சிறு மாற்றம், வழங்கல் தொடரில் மேலே போகப்போக ஆர்டர்களில் பெரிய ஏற்றமும் இறக்கமுமாக வெளிப்படுவது.

‘மேலே’ என்பது நமக்கு உற்பத்தி செய்யும் பக்கம், ஆனால் எங்கள் விவசாயிகள் கடையைத்தான் மேலே என்கிறார்கள். அதை எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள். ராத்திரி லோடு வருகிறது, நான் நாளைக்குத்தான் பார்ப்பேன்.